பழைய ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல்: வடசென்னைத் தெருவில் நாமே பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோலை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். 2005 முதல் 2010 வரை இங்கே விற்ற 1.3 லிட்டர் வண்டி அது. 1298 சிசி, 87 குதிரைத்திறன், ஏறத்தாழ ஒரு டன் எடை, முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், எஞ்சினில் டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் ரப்பர் பெல்ட்). அதன் பிறகு வந்த 1.2 எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் செயின். அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதை அந்த வண்டிக்காரர்களும் பின்பற்றலாம். ஃபியட் பேலியோ 1.6 மாதிரி வேறு துடிப்பான பழைய சின்ன வண்டி வைத்திருப்பவர்களுக்கும் வேலைகளின் வரிசை இதேதான்.

தண்டையார்பேட்டை, கொடுங்கையூர், திருவொற்றியூர் பக்கம் இந்த வண்டியை வாங்கிய பல தம்பிகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறேன். ஸ்பேனர் பிடிப்பது எல்லோருக்கும் ஒரு மாதத்தில் வந்துவிடுகிறது. எதை முதலில் செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். முதல் மாதம் அலாய் வீல், அடுத்த மாதம் சைலன்சர். கையில் இருந்த பணம் தீர்ந்தபின் ரேடியேட்டர் ஒழுகும், பிரேக் பெடல் உள்ளே போகும். வண்டி ஓரமாக நின்றுவிடும்.

முதலில் வண்டி நிற்க வேண்டும், அடுத்து சூடாகாமல் இருக்க வேண்டும், அப்புறம்தான் ஓட்டமும் வேகமும். கீழே உள்ள எல்லாம் அந்த வரிசையில்தான்.

1. வாங்கும் முன்: பேப்பர், துரு, தண்ணீர்

இந்த வண்டிகளெல்லாம் 15 வருடத்தைத் தொட்டுவிட்டன. சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. முதலில் 15 வருடம்தான் செல்லும். அதன்பின் வண்டியை ஆர்.டி.ஓ.வில் காட்டி, 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதனால் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஆர்.சி. புதுப்பித்தாயிற்றா என்பது. இல்லையென்றால் படிவம் 25-ஐ எடுத்துக்கொண்டு அலையப் போவது நீங்கள். அந்தச் செலவையும் அலைச்சலையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் ஆர்.சி. காலம், இன்சூரன்ஸ், கடன் எல்லாம் தெரிந்துவிடும். கடன் நிற்கிறது என்றால் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-ம் 30-ம். சேசிஸ் எண்ணை நீங்களே குனிந்து பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். யாரோ அனுப்பிய போட்டோவை நம்ப வேண்டாம்.

அடுத்து துரு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றில் நின்ற வண்டியை வெளிப் பெயின்ட்டை வைத்து எடைபோட முடியாது. டிக்கிக் கதவின் கீழ் விளிம்பு, கதவுகளின் அடிப்பக்கம், பின்சக்கர வளைவின் உள்பக்கம், ஸ்பேர் டயர் குழி, பேட்டரித் தட்டு, பின்பக்க பிரேக் பைப் என்று ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சின்ன காந்தம் கையில் இருக்கட்டும். தகட்டில் ஒட்டாத இடத்தில் அடியில் இருப்பது பட்டி, அதாவது குழியை நிரப்பிய பூச்சு. கதவில் துரு என்றால் டிங்கரிங் பார்த்துக்கொள்ளலாம். அடித்தளத்திலோ சஸ்பென்ஷன் மாட்டும் இடத்திலோ துரு தின்றிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்பேர் டயர் குழியில் வண்டல் இருந்தாலும் அதே கதைதான்.

கடைசியாக எஞ்சின். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் புகை, தட்டும் சத்தம், கூலன்ட்டின் உண்மையான அளவு எல்லாம் தெரியும். ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த டீ மாதிரி இருந்தாலும், எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழ் வந்தாலும் ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்பு) போயிருக்க வாய்ப்பு அதிகம்.

2. இடமும் கருவியும்

நம் பக்கத்துத் தெருக்களில் கராஜ் யாருக்கும் கிடையாது. சமதளமான சிமென்ட் தரை, காலை ஆறு மணி, பத்து மணிக்குள் முடிகிற வேலை. இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். சாய்வான தெருவிலும் தார் இளகும் வெயிலிலும் ஜாக்கி போடாதீர்கள். மண் தரை என்றால் தடித்த பலகையை அடியில் போட்டே ஆக வேண்டும்.

காசு முதலில் போக வேண்டியது இரண்டு ஜாக் ஸ்டாண்டுகளுக்கு. ஸ்பேனர் செட் அதற்குப் பிறகு. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். ஒருவர் அந்த ஜாக்கியையும் இரண்டு செங்கலையும் நம்பி அடியில் படுத்தார். பக்கத்து ஸ்பேனரை எடுக்க அவர் வெளியே நகர்ந்த நேரத்தில் செங்கல் நொறுங்கி வண்டி இறங்கியது. செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தாதீர்கள். அவை முன்னறிவிப்பில்லாமல் உடையும்.

பிறகு வாங்க வேண்டியவை: 8 முதல் 19 வரை சாக்கெட், ரிங் ஸ்பேனர், பிளக் சாக்கெட், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் ரெஞ்ச்), மல்டிமீட்டர், ஹெட் டார்ச். டார்க் ரெஞ்சை ஆடம்பரம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அலுமினிய ஹெட்டில் பிளக் மரையை ஒருமுறை கெடுத்தால் லேத் பட்டறையில் கொடுக்கும் கூலி அந்த ரெஞ்ச் விலையை நெருங்கும்.

பார்ட்ஸ் விஷயம். கதவுக் கைப்பிடி, கண்ணாடி, விளக்கு, பம்பர், சீட் இதற்கெல்லாம் பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டை போங்கள், நல்ல பொருள் கிடைக்கும். பிரேக், பெல்ட், வாட்டர் பம்ப், ஹோஸ், பேரிங் மட்டும் பழையது வேண்டாம். அவற்றைப் புதிதாக, பில்லோடு வாங்குங்கள். கழற்றிய பழைய பார்ட்டைக் கையில் எடுத்துப்போய் கவுன்டரில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. ஒரே வருட மாடலில்கூடச் சின்ன மாற்றங்கள் இருக்கும்.

3. முதல் வாரம்: எதையும் கழற்றாதீர்கள்

வண்டி வந்த அன்றே கழற்ற ஆரம்பித்தால், ஏற்கெனவே இருந்த கோளாறு எது, நாம் உண்டாக்கியது எது என்று பிறகு பிரிக்க முடியாது. ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், ஒரு நோட்டில் எழுதுங்கள்.

இரவில் எஞ்சினுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்தில், எந்த நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். கறுப்பும் பழுப்பும் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என்று வழுவழுப்பாக இருந்தால் கூலன்ட். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பிரேக் ஆயில். ஏ.சி. தண்ணீர் நிறமில்லாமல் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

பெட்ரோல் வாடை வந்தால் மட்டும் ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே ஓட்டுவதை நிறுத்திவிட்டு 7-வது பகுதிக்குப் போங்கள்.

பேட்டரியையும் இந்த வாரமே அளந்துவிடுங்கள். இரவு முழுக்க நின்றபின் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5-க்குள். அதற்குக் குறைந்தால் ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லும் முன் 8-வது பகுதியைப் படியுங்கள்.

4. பிரேக்

எஞ்சினுக்கு முன்னால் பிரேக்கைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் எளிது. எஞ்சின் கெட்டால் வண்டி ஓரமாக நிற்கும். பிரேக் கெட்டால் நிற்காது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

முன்சக்கரத்தில் ஆரம்பியுங்கள். கேலிப்பரை (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) கழற்றியதும் அதை ரப்பர் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். ஹோஸின் உள்புறம் கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பிரேக் மட்டும் ஒரு பக்கம் இழுக்கும்.

பேட் தேய்மானத்தை இடமும் வலமும், உள்ளும் வெளியும் ஒப்பிடுங்கள். உள் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் கேலிப்பர் நகர்ந்து வரும் ஸ்லைடு பின் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடற்காற்றுள்ள நம் பகுதியில் இது மிகச் சாதாரணம். பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். பேரிங் கிரீஸ் போட்டால் அதிலுள்ள பெட்ரோலிய எண்ணெயில் ரப்பர் ஊதி, பின் முன்பைவிட மோசமாக இறுகும். கையில் இருக்கிற கிரீஸைத் தடவிவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்கிற தப்பு.

பின்னால் டிரம். கழற்றும் முன் ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். டிரம் வரவில்லையென்றால் ஓங்கி அடிக்காதீர்கள். லைனிங் உள்ளே விளிம்பில் மாட்டியிருக்கும், ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்தினால் வந்துவிடும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். முகக்கவசம் போட்டு, பிரேக் கிளீனர் அடித்து ஈரத்தோடு துடையுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கிட் மாற்றிச் சமாளிக்காமல் சிலிண்டரையே மாற்றுங்கள், துருப்பிடித்த துளையில் புது ரப்பர் நிற்காது.

கடைசியாகப் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் அதே ஆயிலுக்கு 155 டிகிரிதான் உத்தரவாதம். ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். எனவே பழையது எவ்வளவு நாளானது என்று தெரியாத வண்டியில் முழுவதும் மாற்றிவிடுங்கள். ஒரு லிட்டர் போதும். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

ஏர் எடுக்க, அதாவது பிரேக் பைப்பில் தங்கிய காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும். கையேடு இருந்தால் அதிலுள்ள வரிசை. இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பகுதி) தூரமானதில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிடுங்கள். இத்தனை வருடம் பாதி தூரமே போய் வந்த மாஸ்டர் சிலிண்டர் ரப்பரை இப்போது அடிவரை மிதித்தால், துருவும் அழுக்கும் படிந்த பகுதியில் உரசிக் கிழியும். பிரேக் வேலை செய்த மறுநாளே பெடல் மெல்ல இறங்குகிறது என்று என்னிடம் வந்த பலருக்கும் நடந்தது இதுதான். சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ட்டை அரித்துவிடும்.

முடிந்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் பெடலைக் கெட்டியாகும்வரை பல முறை மிதியுங்கள். பிறகு தெருவிலேயே நடை வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். அப்புறம்தான் மெயின் ரோடு.

5. டைமிங் பெல்ட்: கூலன்ட்டுக்கு முன்னால் முடிவெடுங்கள்

பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் கிலோமீட்டரால் மட்டுமல்ல, வயதாலும் வெடிக்கும். மீட்டரில் 60,000 காட்டினாலும் வண்டிக்கு வயது 15-க்கு மேல்.

இந்த வேலையை முதல் வருடம் நீங்களே செய்ய வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி இழுக்காது. எதனால் என்று கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

இதைக் கூலன்ட்டுக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. வாட்டர் பம்பைக் கழற்ற டைமிங் பெல்ட் பக்கத்தை எப்படியும் பிரிக்க வேண்டும். பம்பைக் கழற்றினால் கூலன்ட் கொட்டும். ஆகவே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கேம் ஷாஃப்ட் மற்றும் கிராங்க் ஷாஃப்ட் முன் ஆயில் சீல், ஆல்டர்னேட்டர் பெல்ட் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடியுங்கள். புதுக் கூலன்ட் ஊற்றிவிட்டு அடுத்த மாதம் பம்ப் ஒழுகி அதைக் கீழே விட்டவர்களை நிறைய பார்த்துவிட்டேன்.

6. சூடு

ஒரு மே மாத மதியம், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ரேடியேட்டர் ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலே போய்விட்டது. முள் ஏறுவதைப் பார்த்தும், வீடு இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினேன். ஆவி கிளம்பியபின் நிறுத்தி, பாட்டில் தண்ணீரை எடுத்தேன். முன்னால் நின்ற லாரி டிரைவர் ஓடிவந்து கையைப் பிடித்தார்: "தம்பி, பச்சத் தண்ணி ஊத்தாத, ஹெட்டு விட்டுப் போயிடும்." ஹெட் அதற்குள்ளேயே வளைந்திருந்தது. லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி, கேஸ்கட் மாற்றி, மூன்று வாரம் வண்டி படுத்தது. கெட்டுப்போன ரிலே ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. அதனால்தான் இந்தப் பகுதியை நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஃபேனைப் பாருங்கள். எஞ்சின் ஓட ஏ.சி.யைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். பிறகு ஏ.சி.யை நிறுத்தி எஞ்சினை ஐட்லிங்கில் விடுங்கள். சூடேறியதும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நிற்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று வேலை செய்வதால் மற்றதும் செய்யும் என்று அர்த்தமில்லை. மாற்று ரிலே ஒன்றும் ஃப்யூஸ்களும் எப்போதும் டேஷ்போர்டில் இருக்கட்டும்.

அடுத்து ரேடியேட்டரின் வெளிப்புறம். மணலி, எண்ணூர் பக்கம் ஓடும் வண்டியில் ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கரித்தூளும் மண்ணும் கம்பளி மாதிரி அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சுங்கள். வாட்டர் வாஷ் கன்னை நேராக வைத்து அடித்தால் அலுமினிய இதழ்கள் மடங்கி, இருந்த காற்றோட்டமும் போய்விடும்.

ஹோஸ்களைக் குளிர்ந்த நிலையில் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இறுகியதும், வாய்ப்பக்கம் ஊதியதும் மாற்ற வேண்டியவை. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் என்று மொத்தமாக மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வயதுதான். ரேடியேட்டர் மூடியையும் மறக்காதீர்கள். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, அழுத்தம் இல்லாவிட்டால் கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும்.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று அதைக் கழற்றி எறிந்த வண்டிகள் நம் பகுதியில் ஏராளம். எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது என்று நினைத்து இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கூடுதல் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் குறையும், பிளக் கறுக்கும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும். கழற்றியிருந்தால் புதிதாக வாங்கி மாட்டுங்கள்.

இப்போதுதான் கூலன்ட். நம் பகுதியில் இதற்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. கடலோரத் தெருக்களின் போர் தண்ணீரும் உப்புதான். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் அலுமினியம் அரிக்கும், குழாய்களில் சுண்ணாம்பு படியும். பழையதை வடித்து, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி ஓடவிட்டு அலசி, தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. நேராக ஊற்றும் வகை வாங்கியிருந்தால் தண்ணீர் கலக்கக் கூடாது, டப்பாவில் எழுதியிருக்கும்.

மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழ் வந்து மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கள். ஃபேன் இரண்டு முறை சுற்றி நின்றபின் மூடியைப் போடுங்கள். உள்ளே காற்று தங்கினால் முள் நடுவில் காட்டும்போதே ஹெட்டின் ஒரு மூலை வெந்துகொண்டிருக்கும். மறுநாள் காலை, குளிர்ந்தபின் மட்டத்தை மறுபடி பாருங்கள்.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. சாலையில் முள் ஏறினால்: ஏ.சி. ஆஃப், ஹீட்டர் ஃபுல், ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்து, அரைமணி நேரம் தொடாதே.

7. ஆயில், பிளக், பெட்ரோல் ஹோஸ்

ஆயில் மாற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வேலை. எஞ்சின் மிதமான சூட்டில் வடியுங்கள், ஃபில்டர் ரப்பரில் புது ஆயில் தடவிக் கையால் இறுக்குங்கள், வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். சென்னை நெரிசலில் ஓடும் பழைய எஞ்சினுக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய ஆயிலைக் கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள். மழைநீர்க் கால்வாயில் ஊற்றினால் அது பக்கிங்காம் கால்வாய்க்கும் கொசஸ்தலை ஆற்று முகத்துக்கும்தான் போகும். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது மீனவர்கள் பட்ட பாட்டை நாம் நேரில் பார்த்தோம்.

பிளக்கைக் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் கழற்றுங்கள். முதல் சில சுற்றுகள் கையால்தான். நான்கையும் சிலிண்டர் வரிசைப்படி அடுக்கி வைத்துப் பாருங்கள். வெளிர் பழுப்பு நல்லது. ஒன்று மட்டும் ஆயிலில் நனைந்திருந்தால் அந்த சிலிண்டரில் வேலை இருக்கிறது.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. இந்த வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய ரப்பர் ஹோஸ் வெடிக்கிறதா, ஓரம் கசிகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். மாற்றும்போது இன்ஜெக்‌ஷன் வண்டிக்கான அழுத்தம் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், பைக் கார்புரேட்டர் ஹோஸ் இங்கே நிற்காது. கழற்றும் முன் பெட்ரோல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இல்லையென்றால் அழுத்தத்திலிருக்கும் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். அதன்பின் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பீடி, சிகரெட்டோடு வேடிக்கை பார்க்க வருகிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். தெருவில் வேலை செய்பவர்களுக்கு இதுவும் ஒரு வேலைதான்.

8. எர்த் வயர்

கடலோர வண்டியில் மிஸ்ஸிங், மங்கலான ஹெட்லைட், சோம்பலான ஸ்டார்ட்டர் என்று எது வந்தாலும் முதலில் எர்த்தை, அதாவது பேட்டரி மைனஸை எஞ்சினோடும் பாடியோடும் இணைக்கும் வயரைப் பாருங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் கட்டையிலும், மற்றொன்றை எஞ்சின் உலோகத்திலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் தடை இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கியபின் மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். இதைச் செய்யாமல் புது பேட்டரி, புது ஆல்டர்னேட்டர் என்று வாங்கிப் போட்டவர்கள் உண்டு.

9. சஸ்பென்ஷன், டயர், அலைன்மென்ட்

இந்த வண்டியின் துடிப்பு எஞ்சினில் பாதி, திருப்பத்தில் பாதி. சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள 15 வருட ரப்பர் புஷ்ஷோடு ஓட்டிவிட்டு ஸ்விஃப்ட் இவ்வளவுதானா என்று நினைத்தவர்கள், புஷ் மாற்றியபின் அதே வண்டியை வேறு வண்டி மாதிரி ஓட்டுவார்கள்.

லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மேல் மவுன்ட் என்ற வரிசையில் பாருங்கள். கம்பியால் மெல்ல நெம்பினால் ஆட்டம் தெரியும். எதை மாற்றினாலும் இடம் வலம் ஜோடியாக மாற்றுங்கள். ஸ்ட்ரட்டிலிருந்து (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலை மட்டும் பட்டறைக்கு. நழுவினால் ஆளைக் கொல்லும் விசை அதில் அடங்கியிருக்கிறது.

லோயர் ஆர்ம் போல்ட்டுகளை வண்டி தொங்கும் நிலையில் முழுதாக இறுக்காதீர்கள். லேசாகப் பிடித்துவிட்டு, சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கியபின் கடைசி இறுக்கு. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதத்தில் கிழியும். "லோக்கல் புஷ், சீக்கிரம் போயிடுச்சு அண்ணா" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு புஷ்ஷில் குறையே இல்லை.

டயரில் ஓரத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. டயரின் பூ (தரையைப் பிடிக்கும் வெட்டு வடிவம்) நிறைய இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயர் மழையில் பிடிக்காது. இந்த வண்டிக்கு வந்த அளவுகள் 165/80 ஆர்14, உயர் மாடலில் 185/70 ஆர்14. இரண்டாவதே இந்த வண்டிக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. அலைன்மென்ட் எல்லாம் முடிந்தபின் கடைசியாக. முதலிலேயே செய்தால் புஷ் மாற்றியதும் மறுபடி காசு கொடுக்க வேண்டும்.

10. வேகம்

நல்ல டயர், புதுப் பேட், புது பிளக், சுத்தமான த்ராட்டில் பாடி. 87 குதிரைத்திறனும் உண்மையிலேயே சக்கரத்துக்கு வருகிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே திருப்தி வந்துவிடும். சத்தமான சைலன்சர் வேண்டாம். கம்பெனி அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அதுவே தடங்கலாக நிற்கும்.

11. மழைக்கு முன்னும் பின்னும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் முடிக்க வேண்டியவை சில. வைப்பருக்குக் கீழே உள்ள வடிகாலில் அடைந்த இலைகளை எடுங்கள், கதவுகளின் அடித்துளைகளில் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள். அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துத் துருத்தடுப்பு அடியுங்கள். போர் தண்ணீரில் கழுவினால் உப்பை நாமே பூசியதாகிவிடும்.

கணேசபுரம், வியாசர்பாடி சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கினால் முன்னால் போகும் பஸ்ஸைப் பார்த்து இறங்காதீர்கள். பஸ்ஸின் உயரம் வேறு, நம் ஏர் ஃபில்டர் வாயின் உயரம் வேறு. தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். தள்ளி வெளியே கொண்டுவாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் நான்கு பிளக்கையும் எடுத்து, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் கையில் சுற்றித் தண்ணீரை வெளியே விடுங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கில் வெளுப்பு தெரிந்தால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கியர்பாக்ஸ் ஆயிலையும் பாருங்கள், டிரம்களைத் திறந்து சேற்றைத் துடையுங்கள். சீட்டைக் கழற்றி கார்பெட்டை வெளியே எடுத்து இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். அதற்கு அடியில் ஓடும் வயரிங் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பச்சை படிந்திருந்தால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.